செஞ்சி மொட்டை மாடியிலிருந்து ஒரு இழுவைப் படகு

ஹாம் ரேடியோக்காரன் என்பவன், வீட்டிலேயே சொந்த ரேடியோ வைத்து ஊர் ஊராகப் பேசி, யாரும் கேட்காத தகவலைச் சம்பளமில்லாமல் சேகரித்துத் தருகிறவன். மொட்டை மாடியில் ஏரியல் நட்டு, தெருவில் எந்த வீட்டு டி.வி. நின்றாலும் திட்டு வாங்குகிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் கட்சி.

கடல் எங்கே?

அடுத்த தெரு மூர்த்தி, பழுதான கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வரும் படகில் வேலை பார்க்கிறான். அவனும் என்னைப் போல ஹாம். இந்த முறை விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு ஒரு கப்பலை இழுத்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் வந்து சேருவானா என்பது அவன் மனைவி செல்வியின் கவலை. அதனால் ஜி.பி.எஸ். வைத்த ஒரு ரேடியோப் பெட்டி செய்தேன். படகு இருக்கும் இடத்தை அது அனுப்பும். என் கம்ப்யூட்டர் வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். டீக்கடையில் பெருமையாகச் சொன்னேன். கடைக்காரர் கிளாஸ் கழுவியபடி கேட்டார்: "நம்மூரு ஏரியிலயே தண்ணி இல்ல. நீ இன்னா சார், கப்பல் தேடிக்கினு இருக்குற?"

ரோட்டில் ஓடிய படகு

மூர்த்தியிடம் கொடுக்கும் முன் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துச் சோதித்தேன். படகின் பெயரை அதில் ஏற்கெனவே பதிந்திருந்தது நினைவில்லை. என் வரைபடத்தில் மட்டுமா, எல்லா ஹாம்களின் வரைபடத்திலும் படகு தரையில் ஓடியது. திண்டிவனம் நண்பர் ரேடியோவில் வந்தார்: "சார், உங்க படகு மேல்சித்தாமூர் ரோட்டுல போவுது. எதிர்ல கரும்பு லாரி வரும், ஓரமா ஓட்டச் சொல்லுங்க."

நின்ற புள்ளி

வியாழக்கிழமை காலை, புள்ளி நெல்லூருக்கு நேரே நடுக்கடலில் நின்றது. மதியமும் அங்கேயே. கூப்பிட்டுப் பார்த்தேன், இரைச்சல்தான். விசாரிக்க வந்த செல்வி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "மாப்பிள்ள வீட்ல தேதிய தள்ளி வைக்கச் சொல்லட்டுமாண்ணா?" நின்றது படகா, என் பெட்டியா? அதுகூடச் சொல்லத் தெரியாத ஒன்றையா இத்தனை வருஷம் அறிவு என்று நம்பினேன்? "சிக்னல் பிரச்சினைம்மா" என்றேன், கஸ்டமர் கேர் குரலில்.

சாயங்காலம் மூர்த்தியின் குரல் வந்தது. படகு நிற்கவேயில்லை. யாரோ ஜி.பி.எஸ். ஆன்டெனா மேல் ஈரக் கம்பளியைக் காயப்போட, பெட்டி பழைய இடத்தையே சொல்லிக்கொண்டிருந்ததாம். சனிக்கிழமை கரைக்கு வந்துவிடுவான். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யாரோ இல்லண்ணா, இவருதான். வீட்லயும் டிஷ் மேலதான் துணி காயப்போடுவாரு."

ஆகாயத்தில் அத்தனை செயற்கைக்கோள்களைக் கேட்ட நான், மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.