அவரு பேரு ஒட்டுன பாட்டில்

எம்பத்தி சொச்சத்துல நடந்தது. எங்க வூட்டுக்காரரோட அண்ணன் செத்து மூணு மாசம்கூட ஆகல. மூஞ்சி, காலு, வயிறு எல்லாம் ஊதி, படுக்க முடியாம ஒக்காந்தபடியே மூச்சுக்குத் தவிச்ச மனுஷன். கிட்னி ரெண்டும் போச்சுன்னு பெரிய ஆஸ்பத்திரியில சொன்னப்ப எல்லாம் கை மீறிப் போயிருந்துச்சு. அதக் கண்ணால பாத்த பயம் எங்க வூட்ட விட்டுப் போகல. இவரு காலையில எழுந்ததும் முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டைவிரலால அழுத்திப் பாப்பாரு. குழி விழுந்து நின்னா நீர் கோத்துருக்குன்னு அண்ணனுக்கு டாக்டர் காட்டுனத வச்சுக் கத்துக்கிட்டது. நான் பாக்காத மாதிரி இருப்பேன்.

அப்பத்தான் நாங்க குடியிருந்த சாரம்கிற ஊர்ல, எங்க தெரு பள்ளிக்கூடத்துல கிட்னி பரிசோதனை வச்சாங்க. சக்கரை, பிரஷர் இருக்கிறவங்க, கிட்னி கெட்டு செத்தவங்களோட கூடப் பொறந்தவங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை காலையில மொத மூத்திரத்தப் புடிச்சு, பேரு எழுதி ஒட்டி எடுத்தாரணும். நர்சம்மா வாசல்ல நின்னு இவரு பேர எழுதிக்கிட்டுப் போனாங்க.

அன்னிக்கு இவரு சோறு தின்னல. "இருக்குதுன்னு எழுதிட்டா மில்லுல சீட்டக் கிழிச்சுடுவாங்க"ன்னாரு. மில்லு ஒரு சாக்கு. அண்ணன் போன வழியில தானும் போறோம்னு டாக்டர் வாயால கேக்குற தெம்பு அவருக்கு இல்ல. எனக்கும் இல்ல. அந்தக் கெட்டிக்காரத்தனம் என் மண்டையிலதான் உதிச்சுது.

"என்னுத எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு இன்னா கேடு, கல்லு மாதிரி இருக்கேன்"னேன்.

"அசிங்கம் புடிச்சவளே"ன்னாரு. ஆனா வேணாம்னு சொல்லல.

ஞாயித்துக்கிழமை ஒரு டானிக் பாட்டிலக் கழுவி, ரொப்பி, அவரு பேர ஒட்டிக் குடுத்தேன். புருஷனக் காப்பாத்திட்டோம்னு உள்ளுக்குள்ள பெருமை வேற.

காலையில போனவரு மத்தியானம் ஆகியும் வரல. அடுப்புல ரசம் கொதிச்சு வத்திப் போச்சு. வந்தவரு செருப்பக்கூடக் கழட்டல.

"இன்னா சொன்னாங்க"ன்னேன்.

"டியூபுல ஊத்தி ஸ்பிரிட் வெளக்குல காட்டுனாங்க. பால் திரிஞ்ச மாதிரி வெள்ளையாக் கட்டிக்கிச்சு. கிட்னி கெட்டா அப்படித்தான் கட்டுமாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும்னாங்க."

எனக்குச் சட்டுனு ஓடல. "அய்யோ, உங்களுக்கா"ன்னு கேட்டுட்டேன். அவரு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறந்தான் பாட்டில்ல இருந்தது என்னுதுன்னு ஒறைச்சுது.

"டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன். ஏசித் தீத்துட்டாரு. என்னுதையும் அங்கியே வாங்கிப் பாத்தாங்க. எனக்கு ஒண்ணும் இல்லியாம்"னாரு. ஒண்ணும் இல்லன்னு சொல்றப்பத்தான் அழுதாரு.

சின்னவன் வயித்துல இருந்தப்ப எனக்குப் பிரஷர் இருக்குன்னு சொன்னாங்க, பெத்ததும் மறந்தாச்சு. கொஞ்ச நாளா சாயங்காலம் ஆனா கால் மெட்டி இறுக்கும். வேலை அலுப்புன்னு நானே நெனச்சுக்கிட்டேன். வூடே அவரு காலப் பாத்துப் பயந்துக்கிட்டு இருந்துச்சு, என் கால யாரு பாத்தா?

கல்யாணம் ஆன நாள்லேருந்து என் காலத் தொடாத மனுஷன், அடுப்பாண்ட தரையில ஒக்காந்து, புடவைய லேசா ஒதுக்கி, எலும்பு மேல கட்டைவிரல வச்சு அழுத்துனாரு. நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். அவரு விரல எடுத்தாரு. கண்ணத் தொறந்தேன். குழி அப்படியே இருந்துச்சு.

மறுநாள் மொத பஸ்ஸுக்கே ரெண்டு பேரும் கெளம்பினோம். அதே டானிக் பாட்டில்தான். அவரு பேரக் கிழிச்சுட்டு என் பேர எழுத ஒக்காந்தேன். அவரு பேனாவ வாங்கி, தானே எழுதி ஒட்டுனாரு.