பிளாக்கில் வைத்த சந்தனம்

எங்கள் வீட்டுக் கொடியில் துணி கிளிப் நிற்பதே இல்லை. ஒரு டஜன் வாங்கிப் போட்டால் மாதம் முடிவதற்குள் எட்டாகிவிடும். காற்று அடித்துக்கொண்டு போகிறது என்பாள் மகள். துணியை விட்டுவிட்டுக் கிளிப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகிற காற்றை நான் பார்த்ததில்லை. எனக்கு மருமகன் மேல்தான் சந்தேகம். ஆனால் அவரைக் கேட்க முடியாது. அவரிடம் நான் பேசுவதில்லை.

சண்டை ஒன்றும் கிடையாது. மாமியார் மருமகனுக்கு எதிரே நின்று பேசுகிற வழக்கம் என் காலத்தில் எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். இப்போதைய மாமியார்கள் மருமகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கடத்தூர் சந்தைக்குப் போகிறார்கள். எனக்கு அது வராது. வீட்டுக்காரர் போன பிறகு ஒன்பது வருடமாக மகள் வீட்டில்தான் இருக்கிறேன். சோறு வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து, சோறு ஆறுது என்பேன். அவர் வந்து உட்காருவார். அவருக்கு மோர் வேண்டுமென்றால் கதவைப் பார்த்து, மோர் இருந்தால் தேவலை என்பார். நான் கொண்டுபோய் வைப்பேன். ஒன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. மற்றதெல்லாம் மகள் வாய் வழியாகப் போகும், வரும்.

மருமகனுக்குக் கம்பெனி ஷெட்டுகளுக்குக் கூரை தகடு போடுகிற வேலை. பெங்களூர் ரோட்டு ஓரமாக எழும்புகிற பெரிய பெரிய ஷெட்டுகள், நாற்பது அடி உயரம், கீழே வெறும் தரை. போன வருடம் அவர்களுக்கு ஆளுக்கொரு பிளாக் கொடுத்தார்கள். தேங்காய் அளவு இருக்கும் பெட்டி. உள்ளே ஒரு பட்டை சுருண்டிருக்கிறது. பெட்டியைத் தலைக்கு மேலே இரும்பில் மாட்டிவிட்டுப் பட்டையின் கொக்கியை முதுகு பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். மெதுவாக நடந்தால் பட்டை கூடவே வரும், திரும்பி வந்தால் தானே உள்ளே போய்விடும். வெடுக்கென்று விழுந்தால் பிடித்துக்கொள்ளும். காரில் முன் சீட்டு பெல்ட்டைச் சட்டென்று இழுத்தால் வராது இல்லையா, அந்த மாதிரி.

கொண்டுவந்த அன்று வீட்டு விட்டத்தில் மாட்டி மகளை இழுக்கச் சொன்னார். மெதுவாக இழுத்தாள், வந்தது. வெடுக்கென்று இழுத்தாள், டக்கென்று நின்றது. நான் சமையல்கட்டிலிருந்து பார்த்தேன். இனி இந்த மனிதன் விழமாட்டான் என்று அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதோடு சரி. தினமும் மேலே ஏறுவதற்கு முன்னால் அப்படி இழுத்துப் பார்க்க வேண்டுமென்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறாராம். மகள் கேட்டால், நேத்துப் புடிச்சது இன்னைக்கு ஏன் புடிக்காமப் போவுது என்பார். அந்தப் பட்டை எந்நேரமும் முதுகைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறதாம், யாரோ சட்டையைப் பிடித்த மாதிரி இருக்கிறதாம், எரிச்சலாம். அதற்கு அவர் செய்த வேலையை ஒருநாள் அவர் பையில் சாப்பாடு வைக்கும்போது கண்டுபிடித்தேன். பட்டையை இரண்டு முழம் வெளியே இழுத்து, உள்ளே போகாமலிருக்க அதில் என் நீலக் கிளிப்பைக் கவ்வவிட்டிருந்தார். விழுந்தால் அந்த இரண்டு முழத்தையும் சேர்த்து விழ வேண்டும். எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா? கிளிப்பைக் கழற்றிக் கொடியில் மாட்டினேன். மறுநாள் வேறு கிளிப் காணாமல் போனது. மகளிடம் சொன்னேன். அவள் கேட்டாள். அவர் சிரித்தாராம்.

அவரை மட்டும் சொல்லி என்ன? நான் செய்தது அதைவிட மோசம்.

ஆயுத பூசைக்கு அவருடைய சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்தது. டிரில் மெஷின், ஸ்பேனர், பெல்ட், பிளாக். கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. மகளுக்கு மில்லில் அரை நாள் வேலை இருந்தது. டிரில்லைத் துணியால் துடைத்தேன், கரண்ட் சாமானில் தண்ணீர் படக்கூடாது என்று தெரியும். பிளாக்கில் கரண்ட் இல்லையே. அன்னக்கூடைப் பாத்திரத்தில் சோப்புத் தூள் கரைத்து அதை முழுக்கப் போட்டு ஊற வைத்தேன். கறுப்புக் கறுப்பாக அழுக்கு வந்தது, சந்தோசமாக இருந்தது. வெயிலில் வைத்தேன். பட்டை கொஞ்சம் முரண்டு பிடித்தது. தையல் மிசினுக்கு விடுவது போல விளக்கெண்ணெய் விட்டேன். பிறகு பட்டை வெளியே வருகிற வாய்க்கு மேலே நல்ல கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அவர் உயிரைக் காப்பாற்றுகிற சாமான் என்று அதற்கு மட்டும் சந்தனம் அதிகமாகவே வைத்தேன். பொரி, கடலை வைத்துக் கும்பிட்டோம். அவரும் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று கதவிடம் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குக் கிளம்பினார். மகள் விடியற்காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். அவர் குளிக்கும்போது பையில் பிளாக்கை எடுத்து வைத்தேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்து என் கையில் விழுந்தது. ஏனோ இழுத்துப் பார்க்கத் தோன்றியது. மெதுவாக இழுத்தேன், வந்தது. வெடுக்கென்று இழுத்தேன், அப்போதும் வந்தது. இன்னொரு முறை பலமாக இழுத்தேன். என் கையோடு முழுப் பட்டையும் வந்து தரையில் கிடந்தது. உள்ளேயும் போகவில்லை. நான்தான் மெல்ல மெல்லத் தள்ளி உள்ளே விட்டேன். அப்படியாவது வெளியே கிடந்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும். அந்தப் புத்தியும் அப்போது எனக்கு இல்லை.

அவர் வந்து ஷூ மாட்டினார். நான் அடுப்பைப் பார்த்து, பிளாக் பிடிக்கவில்லை போலிருக்கிறது, யாராவது பார்த்தால் தேவலை என்று சொன்னேன். அந்தக் குரல் அடுப்புக்கே கேட்டிருக்காது. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மகளுக்கு போன் செய்ய முடியாது, மில்லில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் பட்டன் போனில் இரண்டை அமுக்கினால் அவருக்குப் போகும். ஒன்பது வருடத்தில் அமுக்கியதில்லை. அமுக்கினேன். ஹலோ என்று அவர் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு வெட்கம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மனதைத் தேற்றிக்கொண்டு அரை மணி கழித்து மறுபடி அமுக்கியபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேலே ஏறுகிறவர்கள் போனைக் கீழே பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். கிழவி ஒருத்தி தனியாக நிற்பதைப் பார்த்து முதல் டவுன் பஸ் நிற்காமலே போனது. பொம்பளைக்கு இலவசம், டிக்கெட் இல்லாத கூட்டத்துக்கு எதற்கு பிரேக் போட வேண்டும் என்று டிரைவர் நினைத்திருப்பான். அடுத்த பஸ்ஸுக்கு ரோட்டின் நடுவில் போய் நின்றேன். கண்டக்டர் திட்டினார். திட்டட்டும். தொப்பூருக்கு இந்தப் பக்கம் ஷெட் வேலை நடக்கிற இடத்தில் இறக்கிவிடச் சொன்னேன். பயத்தில் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். யாரைப் பார்க்க வேண்டும், என்ன காரணம், எழுது என்றார். ஐந்தாவது வரை படித்தது அன்றைக்கு உதவியது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? சந்தனம் என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கல்யாணமா ஆயா?"

"இல்லீங்க. உசுரு."

என்ன நினைத்தாரோ, உள்ளே விட்டுவிட்டார்.

சூப்பர்வைசர் மஞ்சள் தொப்பியோடு நின்றார். அவரிடம் சொன்னேன். அவசரத்தில் சந்தனத்தை முதலில் சொன்னேன், விளக்கெண்ணெயைக் கடைசியில் சொன்னேன். பாதி புரிந்ததும் அவர் ஒரு ஃபைலைப் புரட்டி, இந்த மாதம் எல்லா பிளாக்கும் செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டாச்சு, நீங்க போங்க ஆயா, இங்க தொப்பி இல்லாம நிக்கக்கூடாது என்றார். பூசைக்கு முன்னால் போட்ட கையெழுத்து. அதற்குப் பிறகுதானே நான் கழுவினேன்? அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் மேலே பார்த்தேன். கூரையின் ஓரத்து இரும்பில் மருமகன் நின்றுகொண்டிருந்தார். தகடு தூக்கி வரும் கயிற்றைப் பிடிக்க வெளியே சாய்ந்தார், முதுகுப் பட்டையை நம்பி. பெட்டியையும் தலைக்கு மேலே மாட்டவில்லை, காலடியில் மாட்டியிருந்தார். தொப்பி போட்ட ஆம்பளைகள் இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கத்தினேன்.

"மாப்ள, அப்படியே குந்துங்க. அந்தப் பிளாக்கு புடிக்காது."

அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். யார் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிய எப்படி முடியும்? இந்தக் குரலை அவர் அடுப்புப் பக்கம் முணுமுணுப்பாக மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

"நாந்தாங்க, உங்க அத்த. எண்ணெ வுட்டுட்டேன் அதுல. குந்துங்க."

அவர் அந்த இரும்பின் மேலேயே காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, அதையாவது எதிர்க்கேள்வி இல்லாமல் செய்தார். வேறொருவர் நல்ல பிளாக்கோடு போய் அவரைக் கீழே கூட்டி வந்தார்.

சூப்பர்வைசர் அந்தப் பிளாக்கைச் சாரக் குழாயில் மாட்டி வெடுக்கென்று இழுத்தார். பட்டை நூல்கண்டு மாதிரி ஓடி வந்து தரையைத் தொட்டது. பட்டையோடு என் நீலக் கிளிப் ஒன்றும் வந்தது. சூப்பர்வைசர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னய்யா?"

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னுதுங்க" என்று சொல்லி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பிறகு எல்லாருடைய பிளாக்கையும் வரிசையாக மாட்டி இழுக்கச் சொன்னார். இன்னும் மூன்றில் பொட்டு இருந்தது. ஒன்றில் எலுமிச்சம்பழச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவற்றில் ஒன்று பிடிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள் போலும். கெட்டுப்போன இரண்டுக்கும் சிவப்புச் சீட்டுக் கட்டி, செய்த கம்பெனிக்கே அனுப்ப எடுத்து வைத்தார். வீட்டில் பிரித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம், தண்ணீரில் போடக்கூடாது, எண்ணெய் கூடாது, ஈரத்துணியால் மேலே துடைத்தால் போதும், விழுந்த ஆளை ஒருமுறை பிடித்த பிளாக்கை மறுபடி மாட்டக்கூடாது, தலைக்கு மேலேதான் மாட்ட வேண்டும் என்று கோபமாகச் சொல்லிக்கொண்டே போனார். பட்டையைப் படக்கென்று விட்டுவிடக் கூடாதாம், கையோடு கூடப்போய் உள்ளே விட வேண்டுமாம். இதையெல்லாம் பூசைக்கு முந்தின நாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இந்த ஆம்பளைகள் வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லியிருப்பார்களா?

மருமகனுக்குப் புது பிளாக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை அவர் வண்டிச் சாவியோடு சமையல்கட்டு வாசலுக்கு வந்தார்.

"அத்த, பிளாக்க இழுத்துப் பாத்துட்டீங்களா?"

நேராக என்னைப் பார்த்தே கேட்டார். ஒன்பது வருடத்துப் பழக்கம் ஒரே கத்தலில் போயிற்று. சரி, கேட்டுவிட்டாரே என்று விட்டத்தில் மாட்டி இழுத்துக் காட்டினேன். மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாள் கேட்கக்கூட இல்லை, பிளாக்கை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனார். சாக்ஸ் எங்கே அத்த, லைட்டர் எங்கே அத்த என்று வேறு. சூப்பர்வைசர் கையெழுத்தை நம்பியிருந்தவர் இப்போது என் கையை நம்புகிறார். என் கையிலா அவர் தொங்கப்போகிறார்? வீட்டில் நான் இழுத்தபோது பிடித்தது, பத்து மைல் வண்டியில் குலுங்கிப் போய்ப் பிடிக்காமல் போனால்? அங்கே நாற்பது அடி மேலே அவர்தானே நிற்கிறார்?

அன்று காலையே பிளாக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். இந்த முறை அடுப்பைப் பார்க்கவில்லை.

"இனிமே நான் இழுக்க மாட்டேங்க மாப்ள. அங்க போயி, ஏறறதுக்கு முந்தி நீங்களே இழுங்க. என்ன நம்பி ஏறாதீங்க."

அவர் அதை எடுத்து விட்டத்தில் மாட்டி இழுத்தார். டக்கென்று நின்றது. இப்போது இங்கேயும் இழுக்கிறார், அங்கேயும் இழுக்கிறாராம், கூட வேலை செய்கிறவர் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

கொடியில் நேற்று எண்ணினேன். போன மாதம் வாங்கிப் போட்ட கிளிப் பன்னிரண்டும் இருக்கிறது.