ஒரு கையால் பூட்டும் மாலை

பவள நிற மணிகளைக் கோத்து நான் செய்த மாலையை அணிந்துகொண்டு, டென்மார்க் அக்கா எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடியின் முன் நின்றார். அவருடைய மகளின் கலியாணத்துக்கென்று நான் ஆசையோடு செய்து கொடுத்த மாலை அது. பின் கழுத்தில் கொழுக்கியை மாட்டிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வடிவாய் இருக்கு பிள்ளை" என்றார். பிறகு கண்ணாடியில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இதை நான் தனியப் பூட்ட ஏலுமோ?"

"அண்ணை பூட்டிவிடுவார்தானே. இல்லாட்டி மகள் இருக்கிறா."

அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "கழட்டிவிடும்" என்றார். கழற்றினேன். மாலை என் உள்ளங்கையில் கிடக்க, அவர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

யாழ்ப்பாணத்தில் இருந்து முதலில் டென்மார்க்குக்குப் போய், அங்கே பல காலம் தொழிற்சாலை வேலை செய்துவிட்டு, மகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டென்மார்க் அக்கா. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவிலேயே அவருக்கும் வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை செய்தோம். உருளைக்கிழங்கு அவிக்கும் பெரிய பானையை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கவேண்டும் என்று அங்கே சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அக்கா தனியாகவே தூக்குவார். யாராவது ஓடிவந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தால் அவருக்குக் கோபம் வரும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு மாரிகாலத்தில் பாரிசவாதம் வந்தது. நடை மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. தோளில் இருந்து கொஞ்சம் அசையும், விரல்கள் எதையும் பிடிக்காது. அதற்காக அவர் இடிந்துபோய் உட்காரவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டினார். சட்டைகளை எல்லாம் முன்பக்கம் பூட்டுவதாக மாற்றித் தைப்பித்தார். நாடா கட்டும் சப்பாத்துகளை யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒட்டிக்கொள்ளும் பட்டி வைத்தவற்றை வாங்கினார். நகையை மட்டும் கைவிட்டிருந்தார். கழுத்து வெறுமையாக இருப்பதை நான் கண்டிருந்தேன், காரணத்தைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை மாலையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர், பஸ் ஓட்டும் அண்ணை, முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அக்கா தேநீர் தந்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்: "கலியாணத்தண்டு காலமை எல்லாரும் பொம்பிளையைப் பாக்கோணும். என்னைச் சோடிக்கவெண்டு ஒருத்தரும் மினக்கெடக் கூடாது. நான் தாய் எல்லே? நான் உடுத்து வெளிக்கிட்டு முடிச்சிட்டு அவளிட்டைப் போகோணும். அவள் என்னட்டை வரக் கூடாது."

"தலையாலை போடுற மாதிரி நீளமா ஒண்டு செய்யட்டோ அக்கா?"

"கூறை உடுத்த பொம்பிளைக்கு முன்னாலை நிக்கிற தாய்க்கு நீட்டு மாலை எடுபடாது. கழுத்தோடை நிக்கோணும்."

நான் செய்து விற்கிற மாலைகளை வாங்குகிறவர்கள் மணியைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். நானும் மணி தெரிவு செய்வதற்கே நாள் முழுக்கச் செலவழிப்பேன். கொழுக்கி, வளையம், காதுக் கம்பி, முடிச்சை மறைக்கும் குமிழ் எல்லாம் ஒரு பெட்டிக்குள் கலந்து கிடக்கும். மாலை முடிகிற நேரத்தில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவேன். அன்று வீட்டுக்கு வந்து, அந்தப் பெட்டியை மேசையில் கவிழ்த்துக் கொட்டினேன். இடது கையை ஏப்ரனின் பைக்குள் விட்டுக்கொண்டு, கண்ணாடியின் முன் நின்று ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தேன். நண்டின் கால்போல வாய் திறக்கும் கொழுக்கிக்கு ஒரு கை திறக்க வேண்டும், மற்றக் கை வளையத்தைக் கொண்டுவர வேண்டும். திருகிப் பூட்டுவதும் அப்படித்தான். வெறும் வளைந்த கொழுக்கி எப்படியோ மாட்டியது. குனிந்தவுடன் கழன்று விழுந்தது. காந்தம் வைத்தது ஒன்று இருந்தது. பக்கத்தில் கொண்டுபோனவுடனே இரண்டு முனையும் தாங்களாகவே தாவி ஒட்டிக்கொண்டன. சந்தோஷம் தாங்காமல் அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"காந்தமோ? தள்ளி வையும்!" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். காறை எலும்புக்குக் கீழே இருந்த சின்னப் புடைப்பைத் தொட்டுக் காட்டினார். இதயத் துடிப்பைச் சீராக வைக்க, அதே மாரியில் உள்ளே வைத்த பேஸ்மேக்கர். அதற்குக் கிட்டக் காந்தம் வரவே கூடாது என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தாராம்.

ஆபரணம் செய்கிறவர்களுக்குச் சின்னச் சாமான்கள் விற்கும் கடைகள் ஹட்டன் கார்டன் பக்கம் இருக்கின்றன. அங்கே ஒரு கடையில் தட்டுத் தட்டாக எடுத்துப் போடச் சொல்லித் தேடினேன். விலை மலிந்த பல அக்காவுக்குச் சரிவராது. இளம் வயதில் மலிவுத் தோடு போட்டுக் காது புண்ணாகியதில் இருந்து நிக்கல் கலந்த எதுவும் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. கடைசியில், தங்க முலாம் பூசிய வெள்ளியில், ஒரு பக்கம் வளையமும் மறுபக்கம் சிறு கம்பியுமாக ஒரு சோடி கண்ணில் பட்டது. கம்பியை நெடுக்காக வளையத்துக்குள் விட்டு இழுத்தால், குறுக்காகத் திரும்பி நின்றுவிடும். அதிலே பல அளவு இருந்தது. மெல்லியது நழுவும் என்று, வளையம் அகலமாகவும் கையில் வைத்தால் பாரம் தெரிவதாகவும் ஒன்றைத் தெரிவு செய்தேன். அதைப் பின் கழுத்தில் வைத்துப் பயனில்லை. எப்போதும் தலைமயிருக்குள் மறைத்துப் பழகிய சாமானை, மணிகளின் நடுவே, நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தேன்.

முதல் முறை சரிவரவில்லை. கம்பியை ஒட்டியே பெரிய மணி இருந்ததால், கம்பி மடிந்து வளையத்துக்குள் போக இடம் இல்லை. அந்த மணியைக் கழற்றி, அந்த இடத்தில் மெல்லிய சங்கிலித் துண்டு வைத்துத் திரும்பக் கொண்டுபோனேன். இப்போது கம்பி போயிற்று. ஆனால் அக்கா கம்பியைத் தள்ளத் தள்ள வளையம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் டேனிஷ் மொழியில் ஏதோ திட்டினார். அன்று வீட்டில் நின்ற அண்ணை தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"நீங்கள் அதிலையே இருங்கோ" என்றார் அக்கா.

எனக்கும் கை துடித்தது. வளையத்தை ஒரு விரலால் பிடித்தால் போதும். நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறுங்கோ" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். மடியில் கிடந்த இடது கை தோளில் இருந்து எழுந்தது. நடுங்கிக்கொண்டே மேலே வந்து, மூடிய விரல்களின் புறப்பக்கத்தால் வளையத்தின் ஒரு விளிம்பை நெஞ்சோடு சேர்த்து அழுத்தியது. வளையம் நின்றது. வலது கை கம்பியை உள்ளே விட்டு இழுத்தது. கம்பி குறுக்காகத் திரும்பி அமர்ந்துகொண்டது.

மாலையை அவர் பார்க்கவில்லை. இடது கையைத்தான் பார்த்தார். "இவருக்கும் ஒரு வேலை கிடைச்சிட்டுது" என்றார். அண்ணை முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கலியாணம் மனோர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில். அன்று காலை அவர்கள் வீடு நிறைய ஆட்கள். பொம்பிளையைச் சோடிக்கிற அறையில் இருந்து மகள் கூப்பிட்டாள்: "அம்மா, ஆர் யூ ஓகே? நான் வந்து போட்டுவிடட்டா?" பூட்டிய கதவுக்குள் இருந்து, "நீ உன்ரை வேலையைப் பார்" என்று பதில் வந்தது. படிக்கட்டில் நின்ற எனக்கு உள்ளே மாலை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் திரும்பவும் விழுந்தது. நான் கதவைத் தட்டவில்லை.

கதவு திறந்தபோது அக்கா மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலையில் நின்றார். மாலை கழுத்தோடு அளவாக அமர்ந்திருந்தது. என்னைத் தாண்டி நேராக மகளின் அறைக்குள் போய், அவளுடைய நெற்றிச்சுட்டி சற்றுச் சரிந்திருந்ததை வலது கையால் நேராக்கினார். தாயின் கழுத்தைப் பார்த்ததும் மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அழாதை, மேக்கப் பழுதாப் போகும்" என்றார் அக்கா.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய் அக்காவின் மாலையை விரலால் தூக்கிப் பார்த்தார். "கொழுக்கியை முன்னுக்கு வைச்சிருக்கு. புது மொடலோ?"

"ஓம். சொல்லிச் செய்விச்சது."

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு, இரண்டு கையும் நன்றாக இருக்கிற பலர் அதே மாதிரி கேட்டு என்னிடம் வந்தார்கள். சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தேன். அக்காவின் இடது கையோ, கிடைத்த வேலையோடு நிற்கவில்லை. கடிதத்தை மேசையோடு அழுத்திப் பிடித்தது, கிழங்கை உருளாமல் நிறுத்தியது. விரல்கள் இன்றுவரை விரியவில்லை. அதைப் பற்றி அவர் இப்போது பேசுவதும் இல்லை.

அண்ணை ஓய்வு பெற்ற பிறகு இருவரும், அங்கேயே தங்கிவிட்டிருந்த மூத்த மகனோடு இருக்க, டென்மார்க்குக்கே திரும்பிவிட்டார்கள். எனக்குத்தான் தெரு கொஞ்சம் வெறிச்சோடிப் போனது. இந்தச் சனிக்கிழமை வீடியோவில் அழைத்தேன். அங்கே யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் கழுத்தில், நான் தபாலில் அனுப்பியிருந்த புது நீல மாலை.

"எங்கை அக்கா, வெளிக்கிட்டு நிக்கிறியள்?"

"ஒரு இடமும் இல்லை" என்றார். "சும்மா, போட்டுக்கொண்டு இருக்கிறன்."