சந்துக்குள் வராத குதிரை

என் கணவர் வளைகுடாவில் ஒரு பணக்காரரின் குதிரை லாயத்தில் வேலை பார்க்கிறார். ஒரு முறை விடுப்பில் வந்தவர், குற்றாலத்தில் சீசன் முடிந்து எல்லோரும் கடையைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெண் குதிரையை வாங்கிக்கொண்டு தென்காசியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுவதற்காக யாரோ வைத்திருந்த குதிரை. சாரலில் நாள் முழுக்க நனைந்து, கண்டவர்களும் கடிவாளத்தை இழுத்து இழுத்து, அதன் வாயோரம் தடித்துப் போயிருந்தது. அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடுவதாகவும், கல்யாணங்களுக்குக் குதிரை விடுவதாகவும் சொன்னார். அவருடைய உம்மா, எனக்கு மாமி, தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். பின்முற்றத்துக்குப் போக வீட்டை ஒட்டி ஒரு சந்து, அவ்வளவுதான். குதிரை ஒன்று போனால் பக்கத்தில் ஆள் போக முடியாது. வந்த அன்று அது ஒரு மாதிரி உள்ளே வந்துவிட்டது. நான்கு நாள் கழித்து வெளியே கூட்டிப்போனபோது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் அதன் இடுப்பைக் கிழித்துவிட்டது. அது மிரண்டு பின்னாலேயே ஓடி முற்றத்துக்கு வந்து நடுங்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு சந்தின் வாயைப் பார்த்தாலே முன்னங்காலைத் தூக்கியது. என் கணவர் மூன்று ஆட்களை வைத்து இழுத்துப் பார்த்தார். ஒருவர் விரல் நசுங்கியதுதான் மிச்சம். விடுப்பு முடிந்தது. அவர் போய்விட்டார். குதிரை முற்றத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே.

நானும் அந்த முற்றத்தில்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமி துணையில்லாமல் தெருவில் இறங்கியதில்லை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கேட்டால், "இங்கன என்ன குறைச்சல் ஒனக்கு?" என்பார் மாமி. குறைச்சல் என்று சொல்ல எனக்கும் ஒன்றும் தோன்றாது.

குதிரைக்கு மரியாதை என்றால் என்னவென்றே தெரியாது. புல்லை எடுத்துப் போனால் மார்பால் என்னைத் தள்ளிக்கொண்டு வரும். பாதத்தில் ஏறி நிற்கும். கொள்ளு வைக்கும்போது தோளைக் கடித்தது. நான் அழுதுகொண்டே வீடியோவில் அவரிடம் காட்டினேன்.

"நீ பின்னால போறல்லா, அதான் அது முன்னால வருது. நின்ன எடத்துல நில்லு. நெஞ்சுல ரெண்டு விரல வச்சு லேசா அழுத்து. அது ஒரு எட்டு பின்னால வச்ச ஒடனே கையை எடுத்துரு."

"வைக்கலன்னா?"

"வைக்கிற வரை அழுத்திட்டே நில்லு. கோவப்படாத, அடிக்காத. ஆனா அது வச்ச ஒடனே எடுத்துரணும் பாத்துக்க. அழுத்துறதுல அதுக்கு ஒண்ணும் வெளங்காது. விடுறதுலதான் வெளங்கும்."

முதல் நாள் என் விரல்கள் மரத்துப்போயின. குதிரை என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு சுவர் மாதிரி நின்றது. பிறகு, சலித்துப்போனது போல, ஒரு காலைப் பின்னால் வைத்தது. நான் கையை எடுத்தேன். அது தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த முற்றத்தில் நான் ஒன்று சொல்லி, இன்னொரு உயிர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

மழைக்காலமும் பனியும் போக, மெல்ல மெல்லக் கற்றது. வாளியை வைத்துவிட்டு நான் நகரும் வரை பொறுக்கும். "நில்லு" என்றால் நிற்கும். கால்களில் கயிற்றைச் சுற்றித் தேய்த்தாலும் உதைக்காது. மாமி முதலில் அடுக்களை வாசலிலிருந்து பார்த்தார். பிறகு தவிடு பிசைந்து கொடுத்தார். ஒரு நாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டார்.

சந்து விஷயம் மட்டும் நடக்கவில்லை. ஆள் வைத்துக் குழாயை அறுத்து எடுத்துவிட்டேன். குதிரைக்கு அது இன்னும் அங்கேயே இருந்தது.

அவர் அடுத்த சீசனுக்கு முன் வருவதாகச் சொல்லியிருந்தார். முதலாளி விடவில்லை. கேட்டபோது செல்போனைத் திருப்பி லாயத்தைக் காட்டினார். குளிர்சாதன அறைகள். குதிரைகளைச் சுற்றிச் சுற்றி நடக்க வைக்கும் ஒரு இயந்திரம். நாலு குதிரைகள், ஒவ்வொன்றும் ஒரு தடுப்புக்குள், ஒரே வட்டத்தில் நடந்துகொண்டிருந்தன. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாரல் தொடங்கிய ஜூன் மாதத்தில், ஒரு காலை, சுபுஹு தொழுதுவிட்டு எழுந்தபோது தகரத்தை யாரோ உதைப்பது போலச் சத்தம் கேட்டது. ஓடினேன். குதிரை இரவில் படுத்துப் புரண்டிருக்கிறது. கால்கள் நான்கும் மடங்கிச் சுவரில் முட்டிக்கொண்டு, முதுகு இந்தப் பக்கம். எழுந்திருக்க இடமில்லை. உதைத்து உதைத்துக் குளம்போரம் ரத்தம். இப்படி மாட்டிக்கொண்டால் நெடுநேரம் தாங்காது என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தார். அவருக்கு அழைத்தேன். எடுக்கவில்லை.

"மாமி!"

மாமி வந்து பார்த்துவிட்டு, "அல்லாவே" என்று வாயைப் பொத்தினார்.

நான் துப்பட்டாவால் அதன் கண்ணை மூடினேன். கழுத்தில் முழங்காலை வைத்துக்கொண்டு, "நில்லு, நில்லு" என்றேன். படுத்துக் கிடக்கிற குதிரையிடம் வேறு என்ன சொல்வது? அது உதைப்பதை நிறுத்தியது. மூச்சு மட்டும் பெரிது பெரிதாக.

"மாமி, கயித்தக் கால்ல போடுங்க. தரைப் பக்கம் இருக்க காலு. முன்னங்காலு ஒண்ணு, பின்னங்காலு ஒண்ணு."

"ஒதைச்சிரும்ட்டி."

"ஒதைக்காது."

மாமி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். கயிறு காலில் விழுந்தபோது குதிரை அசையவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தோம். முதல் முறை முடியவில்லை. மறுபடி இழுத்தபோது பாரம் முழுதும் எங்கள் பக்கம் சரிந்தது. நாங்கள் விலகி விழுந்தோம். குதிரை புரண்டு, தடுமாறி, எழுந்து நின்றது.

சேற்றில் உட்கார்ந்தபடியே மாமி சொன்னார்: "இது இங்கன செத்துப் போவும்ட்டி. வெளிய கொண்டு போயிரணும்."

மறைந்த மாமாவின் கூட்டாளி ஒருவருக்கு இலத்தூரில் தென்னந்தோப்பு இருந்தது. குதிரையை அங்கே விடச் சொல்லி முன்பே சொல்லியிருந்தார். வெளியே வந்தால்தானே விடலாம்? அன்றிலிருந்து அதைச் சந்துக்குப் பழக்குவதை மட்டுமே வேலையாக எடுத்துக்கொண்டேன். இழுக்கவில்லை. சந்தின் வாயருகே கூட்டிப்போய் நிற்பேன். தலையைத் தாழ்த்தினால் உடனே திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். போனால் திரும்பி வரலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும். பிறகு ஒரு கால் உள்ளே. பிறகு இரண்டு. குழாய் இருந்த இடத்தில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டோம். அங்கே வந்ததும் தோல் சிலிர்க்கும். நான் அந்தச் சுவரில் என் முதுகை வைத்து நின்று காட்டினேன். ஒரு நாள் மூக்கை நீட்டி அந்த இடத்தை முகர்ந்தது. பெருமூச்சு விட்டது. கடந்துவிட்டது.

தோப்புக்காரர் வந்த காலையில் நான் முன்னே, குதிரை பின்னே, கயிறு தொய்ந்து கிடக்கச் சந்தில் நடந்தோம். தெரு தெரிந்தது. இலத்தூர் வரை நானே நடத்திப் போகலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"போதும்ட்டி," என்றார் மாமி பின்னாலிருந்து. "அண்ணாச்சிட்ட குடுத்துரு."

நான் கொடுத்தேன். அவர் இழுத்தார். குதிரை நகரவில்லை, என்னைப் பார்த்தது.

"இழுக்காதிய அண்ணாச்சி. கயித்தத் தளத்திட்டு நீங்க பாட்டுக்கு நடங்க."

அவர் நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு நடந்தார். குதிரை அவர் பின்னால் போனது. தெருமுனை திரும்பும் வரை சந்தின் வாயிலேயே நின்றேன். நன்றாகப் பழக்கியிருந்தேன். யார் கூப்பிட்டாலும் போகும்.

மாலையில் அவர் அழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். வாரம் இரண்டு நாள் தோப்புக்குப் போய்ப் பழக்கப்போகிறேன், விட்டால் பழையபடி ஆகிவிடும் என்றேன்.

"உம்மாட்ட கேட்டியா?"

உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது: "வெள்ளிக்கெழம போவலாம். நானும் வாரேன்."

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் நாங்கள் இருவரும் செங்கோட்டை பஸ்ஸில் ஏறுகிறோம். மாமி வரப்பில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிகளை உருட்டுவார். தென்னைகளுக்கிடையே குதிரை ஓடும். எவ்வளவு தூரம் ஓடினாலும் வேலிக்கு முன்னே தானாக நின்று திரும்பும். இருட்டும் முன் வீட்டில் இருக்க வேண்டும் என்று மாமி எழுந்து சேலையைத் தட்டுவார். நான் கயிற்றை மரத்தில் மாட்டிவிட்டு வருவேன்.