பிறந்த இடம்: அமெரிக்கன்

மன்னார்த் தீவில் போன வருடம் இரண்டு அமெரிக்கர்கள் இருந்தார்கள். ஒருவர் உண்மையான அமெரிக்கர். மற்றவரை உண்டாக்கியவன் நான்.

நான் உண்டாக்கியவரின் பெயர் மங்கையற்கரசி. வயது ஐம்பத்தெட்டு. தாழ்வுபாட்டில் ஒரு கருவாட்டு வாடியில் நாட்கூலிக்கு வேலை செய்கிறவர். மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் பரப்பி, நேரம் தவறாமல் புரட்டிப் போடுவார். அமெரிக்காவை அவர் வரைபடத்தில் கூடப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரை விமானமோ விசாவோ இல்லாமல் பதினொரு எழுத்துச் சதுரங்களில் அந்த நாட்டுக்கு அனுப்பி வைத்தேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமிர்தநாயகம். முப்பத்து நான்கு வருடம் தபாற் கந்தோரில் முத்திரை குத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதைத் தொண்டாக எடுத்துக்கொண்டேன். கோயிலுக்குப் போகாதவன் வேறு எந்த வழியிலாவது பயன்பட வேண்டுமே. வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் படித்த ஆங்கிலத்தை யாரிடமாவது காட்டவும் வேண்டியிருந்தது.

வைகாசி மாதம் மங்கையற்கரசி வங்கியிலிருந்து வந்த ஒரு படிவத்தோடு வந்தார். அதன் வரலாறு எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவரை நிற்க வைத்தே விளக்கினேன். அமெரிக்கா தன் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் வருடாவருடம் தனக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. அவர்கள் ஒளிந்துவிடாமல் இருக்க, மற்ற நாட்டு வங்கிகளையும் காவல் வேலைக்கு அமர்த்தியிருக்கிறது. அமெரிக்கத் தொடர்புள்ள வாடிக்கையாளரைக் காட்டிக் கொடுக்காத வங்கிக்குத் தண்டனை உண்டு. ஆகவே மன்னாரில் கருவாடு காயவைக்கிறவரும் தான் அமெரிக்கர் அல்ல என்று கையொப்பமிட வேண்டும்.

"சரி ஐயா, நிரப்பித் தாங்கோ. மீன் புரட்ட வேணும்" என்றார்.

"பிறந்த இடம்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்தில எங்க? வீட்டிலயோ ஆஸ்பத்திரியிலயோ?"

"அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில. அம்மா சொல்லுவா, வெள்ளைக்கார டொக்டரம்மா என்னைத் தூக்கிப் பாத்து மூக்கு நல்ல மூக்கு எண்டவவாம்."

யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் துல்லியம் என்பது பகுத்தறிவின் முதற்படி அல்லவா? ஆஸ்பத்திரியின் பெயரையே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தொடங்கினேன். சதுரத்துக்கு ஓர் எழுத்தாக 'அமெரிக்கன்' என்பதற்கு எட்டுச் சதுரம் போயிற்று. ஒன்றை இடைவெளியாக விட்டேன். 'மிஷன்' என்று தொடங்கி எம், ஐ என்று இரண்டு எழுத்துப் போட்டதும் சதுரங்கள் முடிந்துவிட்டன. மீதியைக் கொழும்பில் இருப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஊகித்துக்கொண்டார்கள். ஆவணி மாதம் கடிதம் வந்தது. தாங்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர் என்று தெரிய வருகிறது. தங்கள் அமெரிக்க வரி இலக்கத்தைத் தருக, அல்லது அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்த சான்றிதழைத் தருக, இரண்டும் இல்லையேல் முப்பது நாளில் கணக்கு மூடப்படும், அதுவரை முடக்கப்பட்டிருக்கும்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, இதால என்ர பேப்பரைப் பறிப்பினமோ?"

"எந்தப் பேப்பர்?"

"பிரசாவுரிமைப் பேப்பர். வேற நாட்டுப் பிரசையானால் இஞ்ச உள்ள உரிமை போயிடும் எண்டு அதைத் தந்த அண்டைக்கே சொன்னவை. காசு போனால் போகட்டும். உழைப்பன். பேப்பர் போனால் நான் எங்க போறது?"

கையில் இருந்த சொப்பிங் பையை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். வீட்டில் வைக்கப் பயந்து அந்தப் பேப்பரை அன்று கையோடு கொண்டுவந்திருந்தார்.

அதன் கதை இது. அவருடைய தாய் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் வீடொன்றுக்குச் சமையல் வேலைக்கு அனுப்பப்பட்டார். மங்கையற்கரசி என்ற நீண்ட பெயர் அந்த வீட்டுக்கார அம்மா வைத்தது. குழந்தைக்குக் கிடைத்த ஒரே சொத்தும் அதுதான். அவர் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் உட்கார்ந்து, பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று நாடில்லாமல் நிறுத்தப்பட்ட தோட்ட மக்களைத் தலை எண்ணிப் பங்கிட்டிருந்தன. ஐந்தேகால் இலட்சம் பேர் உனக்கு, மூன்று இலட்சம் எனக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம். ஆட்டுச் சந்தையில் கூட ஆட்டின் வாயைத் திறந்து பார்ப்பார்கள். இவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில் இருந்த உறவினர் அடம்பன் பக்கம் வந்து காடு வெட்டினார்கள். தாயும் மகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அடுத்தவர் வயலில் நாற்று நட்டார்கள். போர்க்காலத்தில் ஒருமுறை ஓடியபோது பத்திரங்கள் இருந்த தாயின் தகரப்பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. சோதனைச் சாவடிகளில் எல்லோரும் அடையாள அட்டையை நீட்டியபோது மங்கையற்கரசி வெறும் கையை நீட்டினார். நாடு இல்லாதவருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாததற்காக இரண்டு முறை இரவெல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டார். கடைசியில், முப்பத்தெட்டாவது வயதில், வவுனியாவில் நாள் முழுக்க வரிசையில் நின்று அந்தப் பேப்பரை வாங்கினார். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டிலேயே வளர்ந்தவருக்கு, இந்த நாட்டவர் என்று ஒரு பேப்பர்.

அதைத்தான் என் ஆங்கிலம் இப்போது ஆபத்தில் மாட்டிவிட்டிருந்தது.

ஆலோசனை கேட்கத் தீவின் உண்மையான அமெரிக்கரிடம் அழைத்துப் போனேன். என் மைத்துனர் ரொபின்சன். இருபத்தாறு வருடம் நியூ ஜெர்சியில் பெற்றோல் அடித்து, அந்நாட்டுக் குடியுரிமையும் எடுத்து, கடைசியில் பேசாலைக்குத் திரும்பியவர். கடிதத்தைப் பார்த்ததும் கதிரையைத் தட்டிச் சிரித்தார்.

"மச்சான், எம், ஐ எண்டால் அங்க மிச்சிகன்! நீ இந்த அக்காவை நடுக்குளிருக்குள்ள கொண்டுபோய் விட்டிட்டாய்!"

"சிரிக்காமல் வழியைச் சொல்லு."

"என்ன வழி? எனக்கே வழியில்லை. இப்ப நான் அங்க உழைக்கேல்ல, அங்க இருக்கேல்ல. ஆனா வருசா வருசம் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்யிற மாதிரி எழுதி அனுப்புறன். பாவம் ஒண்டும் இல்லாட்டிலும், பாவம் ஒண்டும் இல்லை எண்டு எழுத வேணும். வரி பூச்சியம். அதை எழுதித் தாறவனுக்குக் குடுக்கிறதுதான் செலவு. மீனவர் சங்கத்தில என்னைப் பொருளாளராக்க வந்தவை. ஓடிட்டன். நான் கையெழுத்து வைச்சால் சங்கத்தின்ர கணக்கையும் அமெரிக்காவுக்குச் சொல்ல வேணும்."

"அப்ப பிரசாவுரிமையை விட்டிடன்."

"அதுக்கும் கட்டணம் இருக்கு. போறதுக்கும் காசு கேக்கிற ஒரே நாடகக் கொட்டகை."

மங்கையற்கரசி மெல்லக் கேட்டார்: "தம்பிக்கு வங்கியில இருந்து இப்பிடிக் கடிதம் வரேல்லயோ?"

"இல்லை அக்கா. பிரசாவுரிமை அமெரிக்கா எண்டு ஒழுங்காத்தான் எழுதினன். பிறந்த இடம் பேசாலை எண்டதைப் பாத்திட்டு மிச்சத்தை வாசிக்கேல்ல போல."

மங்கையற்கரசி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான்கு வரி விளக்கம் எழுதலாம். வேண்டாம்.

அடுத்த நாள் மன்னார் நகரக் கிளைக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் பர்ஸானா என்ற இளம்பெண் இருந்தார். மங்கையற்கரசி பேப்பரை மேசையில் வைத்தார். ஆனால் ஒரு விரலை அதன் ஓரத்திலிருந்து எடுக்கவில்லை. பர்ஸானா அந்த விரலுக்கு மரியாதை கொடுத்து, தலையைச் சாய்த்து வாசித்தார்.

"அம்மா, இது விசேட சட்டத்தால தந்த பிரசாவுரிமை. எங்க பிறந்தனீங்கள் எண்டு இதில இல்லை. உங்களிட்ட பிறப்பு…"

அந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். குறுக்கிடாமல் இருக்க முடியவில்லை. ஒரு நாடு இவருடைய பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டு இவரை வெளியே நிறுத்தியது. இன்னொரு நாடு இவர் எங்கே பிறந்தார் என்று கேட்டு உள்ளே இழுக்கிறது. இவர் எங்கே வாழ்கிறார், எங்கே உழைக்கிறார் என்று கேட்க இரண்டுக்கும் நேரமில்லை என்றேன். இது நல்ல வாக்கியம். வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு போனது. வரிசையில் நின்ற ஒருவர் கொட்டாவி விட்டார். பர்ஸானா கேட்க வந்த கேள்வி பாதியிலேயே நின்றது. பேச்சு முடிந்தபோது மதிய இடைவேளை.

வீட்டுக்கு வந்து வங்கியின் தலைமைக் கந்தோருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். ஏகாதிபத்தியத்தை ஒரு பக்கத்தில் முடித்தேன். குடியுரிமைச் சட்டங்களின் அநியாயத்துக்கு இரண்டு பக்கம். நான்காம் பக்கத்தில், தர்க்கத்தின் உச்சியில் நின்று, 'இந்த அம்மையார் அமெரிக்கர் என்றே வைத்துக்கொண்டாலும்' என்று தொடங்கும் ஒரு பந்தியை வைத்தேன்.

இருபத்தைந்தாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் பிரதிநிதி தாங்கள் அமெரிக்கர் என்பதை ஏற்றுக்கொண்டிருப்பதால்' என்று தொடங்கியது. மிச்சம் ஐந்து நாள்.

கடிதத்தோடு வாடிக்குப் போனேன். மங்கையற்கரசி கூறைமீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"ஐயா, அண்டைக்கு அந்தப் பிள்ளை பிறப்பு எண்டு என்னவோ கேக்க வந்தது. நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள். பிறப்புச் சான்றிதழையோ கேட்டது?"

"அதாத்தான் இருக்கும். ஆனா அந்தக் காலத்தில வீட்டு வேலைக்காரியின்ர பிள்ளைக்கு ஆர் பதிஞ்சது? சமூக யதார்த்தத்தைப் பாக்க வேணும்."

"யதார்த்தம் கிடக்கட்டும். ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்று அடுத்த மீனைப் புரட்டினார்.

மறுநாள் காலை பிரதேச செயலகத்துக்குத் தனியாகப் போனார். இப்போது எந்த மாவட்டத்தில் பிறந்தவருக்கும் அங்கேயே பிரதி எடுக்கலாம் என்பது, படிவ நிபுணனான எனக்குத் தெரியாமல் இருந்தது. பெயர், தாயின் பெயர், வருடம், ஆஸ்பத்திரி என்று நாலு விபரம் கேட்டார்களாம். ஒரு மணித்தியாலத்தில் கையில் கொடுத்தார்களாம். ஒரு சமையற்காரியின் குழந்தையையும் அந்த மிஷன்காரர்கள் ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறார்கள். நாற்பது வருடமாக மிஷன்களைக் கேலி செய்து பேசிவந்தவன் நான். இந்த விடயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

வங்கிக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டார். எதற்கு என்று கேட்டேன். "பிழை விட்ட ஆளும் நிக்க வேணும்" என்றார். பேருந்தில் சான்றிதழைக் காட்டினார். பெயர், தாய், திகதி, இடம், எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பிறந்த வருடமும் இடமும் என்று ஒரு கட்டம். அதில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. இந்த நாட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தையிடமும் பாட்டனைப் பற்றிக் கேட்கும் கட்டம் அது. முப்பத்தெட்டு வருடத்தைத் தின்றது அந்தச் சின்னக் கோடு. அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஐயா, இண்டைக்கு வேண்டாம்" என்றார்.

பர்ஸானா சான்றிதழைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இதைத்தான் அம்மா அண்டைக்குக் கேக்க வந்தனான்" என்றவர், என் பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும் முயற்சி எடுத்துக்கொண்டார். "பழைய படிவத்தை நீக்கிப்போட்டு, புதுசு ஒண்டு நிரப்பித் தாங்கோ."

நான் வழக்கம்போலப் பேனையைத் திறந்தேன். பர்ஸானா படிவத்தை மறுபுறம் திருப்பி மங்கையற்கரசியின் முன்னால் வைத்தார்.

"இந்தப் பக்கம் தமிழில இருக்கு அம்மா. எழுதுவீங்கள்தானே?"

மங்கையற்கரசி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சனான் பிள்ளை. எழுதுவன்."

மூன்று மாதம் அந்தப் படிவம் என் வீட்டு மேசைக்கும் கொழும்புக்கும் இடையில் பயணம் செய்தது. அதற்கு ஒரு பின்பக்கம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அவர் குனிந்து எழுதினார். பிறந்த இடத்துக்கு அங்கேயும் அதே பதினொரு சதுரம். யாழ்ப்பாணம் என்று ஆறு எழுத்து. பேனையை நிறுத்தினார்.

"மிச்சச் சதுரத்துக்கு என்ன செய்ய?"

"சும்மா விடுங்கோ அம்மா. என்ர படிவத்திலயும் பிறந்த இடம் புத்தளம் எண்டுதான் இருக்கு. ஊர் எருக்கலம்பிட்டி. தொண்ணூறில எங்கட முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுக் கலைச்ச பிறகு பிறந்தனான். பிறந்த இடம் எண்டது ஒரு கட்டம்தான்."

மங்கையற்கரசி சும்மா விடவில்லை. ஒரு சதுரம் தள்ளி, மெதுவாக, எழுத்தெழுத்தாக இலங்கை என்று எழுதினார். பதினொன்றும் கச்சிதமாக நிரம்பின.

கணக்குத் திறந்தது. திருத்தப்பட்டது என்பதற்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். அதை அவர் இரண்டு தரம் வாசித்து, பேப்பரோடும் பிறப்புச் சான்றிதழோடும் சேர்த்துச் சொப்பிங் பைக்குள் வைத்து, பையை மடித்து, இடுப்பில் செருகினார்.

வெளியே வந்ததும், அமெரிக்காவைப் பற்றித் தலைமைக் கந்தோருக்கு இன்னுமொரு கடிதம், விளக்கமாக, எழுதலாம் என்று யோசனை சொன்னேன்.

"ஐயா, நீங்கள் கதையுங்கோ. நல்லாக் கதைக்கிறீங்கள். வாடியில எங்களுக்கும் பொழுது போகும்" என்றார். "எழுதுறதை நான் பாத்துக்கொள்ளுறன்."

தாழ்வுபாட்டு பஸ் வந்தது. மீன் புரட்ட நேரமாகிவிட்டது என்று ஓடி ஏறினார்.