முன்பக்கம் இரண்டு விரல்

போன கிழமை சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு ஒரு சிவப்புக் கார் நின்றது. கண்டதும் என் கை சும்மா இருக்கவில்லை. குனிந்து, முன் சில்லுக்கும் அதற்கு மேலிருக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரல்களை விட்டுப் பார்த்தேன். "அண்ணை, என்ன தேடுறியள்?" என்று கேட்டான் காருக்குச் சொந்தக்காரப் பெடியன். தலை நரைக்கத் தொடங்கிய வங்கிக்காரன் ஒருவன் நடுறோட்டில் குந்தியிருந்தால் வேறெப்படிக் கேட்பான்? "ஒண்டுமில்லைத் தம்பி" என்று எழும்பிவிட்டேன். விரலில் றப்பர் மணந்தது.

அந்த மணம் என்னைச் சுதனிடம் கொண்டுபோய் விட்டுவிட்டது. சண்டை முடிந்து றோட்டுகளுக்கெல்லாம் தார் போட்ட காலம். என் கூட்டாளி சுதன் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, பின் சீற்றுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, நேர்றோட்டில் இரண்டு கார்கள் பக்கம் பக்கமாகப் பறக்கும் போட்டிக்கு அதைத் தயார் செய்துகொண்டிருந்தான். நான் அவனுக்கு உதவி. ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே எனக்கு ஐமிச்சம். வீட்டில் என்னை 'எஞ்சினியர்' என்று நக்கலடித்தார்கள்.

அந்தக் காரை இழுப்பது முன் சில்லுகள். முன்பக்கம் பதிந்திருந்தால்தான் சில்லு றோட்டைப் பிடிக்கும்; உயர்ந்தால் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கும். அதனால் சுதன் முன் ஸ்பிரிங்குகளை வெட்டிக் குறுக்கியிருந்தான். ஓடுகிறவன் உள்ளே இருக்கும்போதுதான் உயரம் பார்க்க வேண்டும், அவனுடைய பாரமும் கணக்கு. அவன் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பான், நான் வெளியே குனிந்து சில்லுக்கு மேலே விரல் விடுவேன்; இரண்டு விரல் மட்டும் போனால் சரி.

"எத்தினை?"

"ரெண்டு விரல்."

"உன்ரை விரலோ, யானையின்ரை விரலோ?"

என் விரல்கள் கொஞ்சம் தடிப்புத்தான்.

சுதனின் தகப்பன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சண்டைக் காலம் முழுக்க வாடகைக் கார் ஓடியவர். ஒருமுறை பிரசவத்துக்கு ஏற்றிப்போன பெண்ணோடு ஷெல் விழுந்த குழியில் அடி தட்டி, எஞ்சின் எண்ணெயெல்லாம் ஊற்றுண்டு நடுவழியில் நின்றாராம். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவேயில்லை. "உது நிலத்திலை படுத்தெல்லோ கிடக்கு. ஒரு கல்லுத் தட்டினால் காணும்" என்று எங்களைச் சுற்றிச் சுற்றி வருவார். நாங்கள் சிரிப்போம்.

சிரிப்புக்கு இடமில்லாத கதையும் ஒன்று இருந்தது. கனடாவில் இருந்த தாய்மாமன் சுதனை அங்கே எடுப்பிக்க, களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்துவிட்டார். போட்டிக்கு வரவிருந்த கொழும்புக் கராஜ்காரர் ஒருவர், வெல்கிறவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். "வேலை கிடைச்சால் நில். இல்லாட்டி வெளிக்கிடு" என்று தாய் முடிவாகச் சொல்லிவிட்டாள். சண்டை தின்றது போக மாமாவுக்கு மிஞ்சியிருந்த பிள்ளை அவன் ஒருவன்தான். அவன் வெல்ல வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவரும் அவர்தான்.

போட்டியன்று காலை காரை முற்றத்து மணலில் விட்டுவிட்டு உள்ளே போய்ப் புட்டுச் சாப்பிட்டோம். சில்லுகள் மணலில் புதைந்து நின்றதால், சாப்பிட்டு வந்தபோதும் காரின் உயரம் வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் மோட்டார் சைக்கிளில் முன்னுக்குப் போய்விட்டேன். கார் தார் றோட்டில், போட்டி தொடங்கும் கோட்டுக்கு வந்து நின்றபோதுதான் கண்டேன், சில்லுக்கு மேலே என் முழுக் கையும் போகும் இடைவெளி. "சுதன், நில்லடா!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எங்கே எடுபடும்? கொடி விழுந்தது. சில்லுகள் சுழன்றன, புகை எழும்பியது, மற்றக் கார் போயே போய்விட்டது.

ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தோம். ஸ்பிரிங் வளையங்களுக்கு இடையில் லொறி ரயரில் வெட்டிய றப்பர் துண்டுகள் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஓரங்களைப் பிசிறில்லாமல் சீவி, நழுவாமல் கம்பியால் கட்டியிருந்தது. யாருடைய கை என்று கேட்கத் தேவையில்லை.

சுதன் அந்தக் கம்பிக்கட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு, "இதாலைதான் தோத்ததெண்டு அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. மனுசன் தாங்காது" என்றான்.

மாமா வாசல் படலையடியில் காத்துக்கொண்டு நின்றார். "தோத்தால் தோக்கட்டும். எங்கையும் தட்டினதோ?"

"இல்லையப்பா. ஒரு இடத்திலையும் தட்டேல்லை."

அந்த முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதமே சுதன் வெளிக்கிட்டான். பெயர் விளங்காத ஏதோ ஒரு நாட்டுக் காட்டிலிருந்து ஒருமுறை போன் எடுத்தான். பாதியில் லைன் அறுந்தது. அதோடு சரி. ஏஜென்சிக்காரனின் நம்பரும் வேலை செய்யாமல் போனது. கோயில் கோயிலாக அலைந்த தாய் படுக்கையில் விழுந்து செத்துப்போனாள். மகன் செத்தானென்று முடிவுகட்டி அந்திரட்டிக் கிரியை செய்யவும் முடியாமல், செய்யாமல் இருக்கவும் முடியாமல் மாமா மட்டும் அந்த வீட்டில் கிடக்கிறார். கார் நின்ற இடத்தில் இப்போது பற்றை.

இடைக்கிடை போய்ப் பார்ப்பேன். போன முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அதே கதையைச் சொன்னார்.

"அண்டைக்கு நான் றப்பர் வெட்டிப் போட்டது உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது, என்ன? அதாலைதான் பிள்ளை ஒரு கீறல் இல்லாமல் வந்தவன். அவனுக்கெண்டு நான் செய்தது அது ஒண்டாவது இருக்கு."

"ஓம் மாமா, எங்களுக்குத் தெரியாது" என்றேன். இந்தப் பொய்யை என்னோடு சேர்ந்து சொல்ல வேண்டியவன் எந்தக் காட்டில் கிடக்கிறானோ.