கல்லடியில் மிஞ்சாத செருப்பு

பெரம்பலூர் பக்கத்தில் மணிவேலைப் போலப் பயந்த ஆள் இன்னொருவன் கிடையாது. பச்சைமலை அடிவாரத்தில் பிறந்து, அந்தக் காட்டிலேயே ஆடு மேய்த்து வளர்ந்தவன்தான். ஆனாலும் தண்ணீரைக் கண்டால் அவனுக்கு ஆகாது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேரை வேனில் ஏற்றி மலையருவிக்குக் கூட்டிப்போவதுதான் பிழைப்பு. தோளில் எப்போதும் ஒரு தாம்புக் கயிறு தொங்கும். "மாட்டப் புடிக்கவா போறோம்?" என்று கேலி செய்வார்கள். "இருக்கட்டுங்க" என்பான். பயந்தவன் கூட்டிப்போனால் பத்திரமாக வந்து சேரலாம் என்றுதான் ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள்.

அருவிக்கு மேட்டில் ஒரு கன்னிமார் கல் இருக்கிறது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் தண்ணீருக்கு இறங்குவார்கள். மணிவேல் தலையை எண்ணுவதில்லை. தலை பாறைக்குப் பின்னால் போகும், புதருக்குள் மறையும். செருப்பு வைத்த இடத்தில் இருக்கும். கிளம்பும்போது கல்லடியில் ஒரு ஜோடிகூட மிஞ்சவில்லை என்றால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். பத்து வருஷமாக இந்த வழக்கம் பிசகியதில்லை.

அந்த ஐப்பசி ஞாயிறன்று வந்தவர்கள் ரெட்டிபாளையத்துக்காரர்கள், ஏழு பேர். அதில் ஜோதி என்ற அம்மாள் வெறுங்காலோடு வேனிலிருந்து இறங்கினார். மகனுக்குக் கல்யாணம் கூடிவரும்வரை செருப்புப் போடுவதில்லை என்று சமயபுரத்தாளுக்கு வேண்டுதலாம். "முள்ளு கெடக்கும்க்கா, பாத்து வாங்க" என்று மணிவேலே சொன்னான்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தலைக்கு மேல் வெயில் அடித்தது. மலை உச்சியில் மட்டும் இருட்டிக்கொண்டு கிடந்தது. மணிவேலின் கண் தண்ணீரிலேயே இருந்தது. பளிங்காக விழுந்த தண்ணீரில் முதலில் சருகு வந்தது. பிறகு சுள்ளி. பிறகு தண்ணீரே செம்மண் நிறமானது. விசிலை ஊதினான். "மேல ஏறுங்க, எதையும் எடுக்காதீங்க, ஏறுங்க" என்று கத்தினான். அலறியடித்து ஏறியவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பாதையில் ஓடினார்கள். மணிவேல் கல்லடியைப் பார்த்தான். காலியாக இருந்தது. அப்பாடா என்று அவனும் நடந்தான்.

கால் மைல் இறங்கியிருப்பார்கள். முன்னால் போன சசிகலா என்ற பெண் நின்றாள். "அண்ணே, செருப்பத் தாண்டி முள்ளு ஏறிடுச்சு."

அவன் குனிந்து முள்ளைப் பிடித்தான். காலையில் முள் இருக்கும் என்று யாரிடம் சொன்னோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து எண்ணினான். ஆறு பேர். ஜோதி இல்லை.

"வேன்கிட்ட போயி நில்லுங்க. யாரும் திரும்பி வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினான். அங்கே ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது, அந்த மகனிடம் என்னவென்று சொல்வது என்றே நினைப்பு ஓடியது. சமயபுரத்தாளை அவனும் கூப்பிட்டான்.

ஜோதி இருந்தார். ஈரச்சேலை மாற்றப் பெரிய பாறைக்குப் பின்னால் போயிருந்தவர். வெளியே வருவதற்குள் குறுக்கே வெள்ளம் புகுந்துவிட்டது. முழங்காலளவு தண்ணீரில் பாறைமேல் நின்று, ஒரு நாவல் மரத்து வேரைக் கட்டிப்பிடித்திருந்தார். மணிவேல் கயிற்றின் ஒரு நுனியைக் கரைமரத்தில் கட்டினான், மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினான். அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுதுகொண்டேதான் இறங்கினான். மார்பளவு தண்ணீரில் அவர் கையைப் பிடித்துக் கரை சேர்த்தான்.

இருவரும் கன்னிமார் கல்லடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். ஜோதி திட்டவில்லை.

"நீ இந்தக் கல்லப் பாத்துட்டுத் திரும்பிப் போனத நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன் தம்பி. கத்துனேன். ஒனக்குக் கேக்கல."

வேனில் மற்றவர்கள் கேட்டபோது, கால் வழுக்கிப் பின்தங்கிவிட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டார்.

இப்போது மணிவேல் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு இரண்டு தடவை எண்ணுகிறான். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். இருந்தும் பாதி வழியில் எல்லோரையும் நிறுத்திவிட்டுத் தனியாக மேலே ஓடுகிறான். "என்னத்த மறந்துட்டு வந்த?" என்று சிரிக்கிறார்கள்.

பங்குனியில் அருவி வற்றியதும் ஒரு நாள் அந்தப் பாறைமேல் ஏறி, ஜோதி நின்ற இடத்தில் நின்று பார்த்தான். கன்னிமார் கல் நன்றாகத் தெரிந்தது.